ஒரு பக்கெட், ஒரு துணி

2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஜெய்சால்மரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. பழைய காருக்கு 18 சதவீத வரி என்று அன்று ராத்திரியே எல்லோர் போனுக்கும் சேதி வந்துவிட்டது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, நான் இன்னும் பணம் கட்டணுமா?"

கட்ட வேண்டாம். ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் பழைய வண்டியை விற்றால்தான் அந்த வரி. அதுவும் முழு விலைக்கு இல்லை, அவருக்கு நிற்கும் லாபத்துக்கு மட்டும். சின்னக் கார்களுக்கு 12 ஆக இருந்ததைத்தான் அப்போது 18 ஆக்கினார்கள். அதற்கு முந்தின மாதம் அவன் வாங்கிய ஆடி டிடி மாதிரி, நீளம் 4 மீட்டரையும் எஞ்சின் 1,200 சிசியையும் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு முன்பிருந்தே 18தான்.

இதைச் சொல்லி முடித்த பிறகு நிஜமான கவலை வெளியே வந்தது. "வண்டி பூரா சிலந்தி வலை மாதிரி கீறல் மாமா. பானெட்ல காந்தம் வேற ஒட்ட மாட்டேங்குது. பட்டி போட்டு ஏமாத்திட்டாங்களா?"

வாங்கிய அன்று அந்த வண்டியின் கறுப்பு பெயிண்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. இரண்டு தடவை கழுவியதும் கீறல் அத்தனையும் எழுந்து வந்துவிட்டது. விற்றவர், பள்ளத்தை நிரப்பி மறைக்கிற பாலிஷைத் தடவிக் கொடுத்திருக்கிறார். எனக்கு அன்று முழுக்க ஆறவில்லை. கீறல் இருக்கிறது என்று சொல்லி விற்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கோவை சிங்காநல்லூர் பக்கம் டீடெய்லிங் செய்கிற மாஸ்டரிடம் போனோம். முதலில் காந்த பயத்தைத் தீர்த்து வைத்தார். 2006-இல் வந்த இந்த இரண்டாம் தலைமுறை டிடியின் பாடியில் பெரும்பங்கு அலுமினியம். எடை பின்பக்கமும் சமமாக விழ வேண்டுமென்று கதவு, டிக்கி மூடி, பின்தளம் ஆகியவற்றை இரும்பில் செய்திருக்கிறார்கள். பானெட்டில் நழுவிய காந்தம் கதவில் பச்சென்று ஒட்டியது. பையன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

அடுத்து, பெயிண்டின் தடிமனை அளக்கும் மீட்டரை இடம் இடமாக வைத்துப் பார்த்தார். பானெட்டில் 118 மைக்ரான். வலது கதவில் 290. எப்போதோ மறுபடி பெயிண்ட் அடித்த கதவு. கூரையில் 92. "இங்க முன்னாடியே யாரோ நல்லா தேய்ச்சிட்டாங்க. மிஷின் வெக்கக் கூடாதுங்க" என்றார். பிரைமர், நிறம், அதன்மேல் கிளியர் கோட் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. அது 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. பாலிஷ் போடுவது என்றால், கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்பி வராது.

கழுவிக் காய்ந்த பானெட்டைத் தடவச் சொன்னார். வழவழவென்று இருந்தது. பிறகு ஒரு மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தடவச் சொன்னார். ரவை கொட்டிய மேஜை மாதிரி நறநறத்தது. பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள், ரோட்டுத் தார், போர் தண்ணீரின் உப்பு எல்லாம் பெயிண்டில் ஒட்டிக் கிடக்கின்றன. அவர் ஒரு மருந்தைத் தெளித்ததும் இரும்பு இருந்த இடமெல்லாம் ஊதா நிறமாக வழிந்தது. மிச்சத்தைக் களிமண் போன்ற க்ளேயை வைத்து உருட்டி எடுத்தார். விளிம்புகளில் பெயிண்ட் மெலிசு என்பதால் டேப் ஒட்டினார். ஒரு சாண் இடத்தில் மிஷின் வைத்துப் பார்த்து, ஆல்கஹால் போட்டுத் துடைத்து, கீறல் நிஜமாகவே போயிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் மற்ற இடத்துக்கு நகர்ந்தார்.

இடது பக்கம் சாவியால் இழுத்த மாதிரி ஒரு கோடு. "அதையும் எடுத்துடுங்க" என்றான் பையன். அவன் விரலைப் பிடித்து நகத்தால் வருடவைத்தார் மாஸ்டர். "நகம் தட்டுதுங்களா தம்பி? அப்ப ஆழமா இறங்கிருச்சு. இதை எடுக்கப் போனா பெயிண்டும் கூட வந்துரும். இருக்கட்டுங்க." பணம் கொடுப்பவன் கேட்டும் செய்ய மறுத்த அந்த மனுஷன்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

"இத்தனை கீறலும் எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் ஒரே வார்த்தையில் சொன்னார்: "துணிங்க."

விடிகாலை ஐந்து மணிக்கு நம் அபார்ட்மெண்ட்களில் நடப்பது இதுதான்: ஒரு பக்கெட், ஒரு துணி, இருபது வண்டி. நாலாவது வண்டியில் தண்ணீர் சேறாகிவிடும். ரோட்டுப் புழுதியில் மணல் இருக்கிறது. மணல் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அந்தத் துணியால் தினமும் துடைப்பது, மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பதுதான். கீறல் எல்லாத் திசையிலும் ஓடுகிறது. வெயில் பட்டால், ஒளியைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது. துடைப்பவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரை பக்கெட் தண்ணீரும் மாதம் சில நூறு ரூபாயும் கொடுத்துவிட்டு, காலையில் தூசி தெரியக் கூடாது என்று கேட்பது நாம்தான். ஒருநாள் துடைக்கவில்லை என்றால் வாட்ஸ்அப் குரூப்பில் புகார் போடுவதும் நாம்தான்.

பையனிடம் ஒரே ஒரு காரியம் கேட்டேன், உடனே செய்தான். அவன் வண்டிக்கு இனிமேல் தினசரித் துடைப்பு கிடையாது. வாரம் ஒரு தடவை கழுவினால் போதும். சோப்புத் தண்ணீருக்கு ஒரு பக்கெட், துணி அலச ஒரு பக்கெட், நாலு மைக்ரோஃபைபர் துணி. துடைப்பவரின் சம்பளத்தில் பத்து பைசா குறையாது.

வண்டி திரும்பி வந்த அன்று, துடைக்கிற அண்ணனைக் கூப்பிட்டுப் பாலிதீன் கவரைக் கொடுத்தோம். முதலில் பானெட்டைத் தடவினார். அப்புறம் பக்கத்தில் நின்ற வண்டியைத் தடவினார். அவர் தினமும் துடைக்கிற வண்டி அது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"அப்ப இத்தனை வருஷமா நான்தான் கெடுத்தேனுங்களா சார்?"

"இல்லைங்கண்ணா, நாங்க கொடுத்த தண்ணி பத்தலை" என்றேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. தோளில் கிடந்த பழைய துணியை எடுத்து உதறிப் பார்த்தார். அடுத்த வண்டிக்குப் போகும் முன், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்ப் புதுத் தண்ணீர் பிடித்து வந்தார்.