முதல் நாளில் கல் தேரைக் காட்டாதீர்கள்

"எங்க ஊர் கோபுரம் இதவிடப் பெருசு மேம்" என்றான் அந்த முதலாம் ஆண்டு மாணவன், விருபாட்சர் கோயில் வாசலில் நின்றுகொண்டு. ஹம்பியில் எங்கள் குழு வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பையனுக்கு ஊர் திருவண்ணாமலை. அவன் குரலில் ஊர்ப் பெருமையைக் காணோம், ஏமாற்றம்தான் இருந்தது. முதல் முறையாக மாநிலம் தாண்டி வந்திருக்கிறான். பெங்களூரில் ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறியதிலிருந்து தூங்காமல் சன்னலோரமே உட்கார்ந்திருந்தான். ஹொசபேட்டையில் இறங்கி, அந்தப் பக்கத்துக் காலைப் பலகாரமான மண்டக்கி ஒக்கரணையையும் மிளகாய் பஜ்ஜியையும் ஆசையாகத் தின்றான். அங்கிருந்து 13 கிலோமீட்டர் வேனில் வந்தால் எதிரே ஒரு கோபுரம், ஒன்பது நிலை. அவன் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்ததோ பதினொரு நிலை, 217 அடி. இதற்கா இவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள் நான். பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போவதும் என் வேலையில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஹம்பிக்குப் போகும் ஒவ்வொரு குழுவின் ஆசிரியரும் இந்தப் பையனின் ஏமாற்றத்தைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தூரதேசத்திலிருந்து வருகிறவருக்கு யாளித் தூணும் கோபுரமும் திருக்குளமுமே பெரிய அதிசயம். நம் பிள்ளைகள் அவற்றைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்கள். நம்மிடம் இல்லாதது ஒரு தலைநகரம். மதுரையும் காஞ்சியும் பழையதன்மேல் புதியதைக் கட்டிக்கொண்டே வந்த ஊர்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் நிமிர்ந்து நிற்கிறது, அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாக மிஞ்சியிருக்கிறது. கடைத்தெரு, அரண்மனை வளாகம், வாய்க்கால், குளியல் தொட்டி, மசூதி, சமணக் கோயில் என்று ஒரு ராஜதானியின் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி கிடப்பது ஹம்பியில்தான். அதை விட்டுவிட்டுக் கோயில் கோயிலாக ஓடினால், பிள்ளைகள் வீட்டில் இருப்பதையே பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

கல்லூரிச் சுற்றுலாக்களின் வழக்கமான முதல் நாள் இப்படிப் போகும். காலையில் விட்டலர் கோயில், கல் தேர் முன்னால் குழுப்படம், 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைத் தேரோடு சேர்த்துப் பிடித்து இன்னொரு படம், இசைத் தூண்கள், தாமரை மஹால், யானைக் கொட்டாரம், இருட்டுவதற்குள் பாதாமிக்கு வண்டி. இதற்கு ஒரு காரணம் உண்டு. விட்டலர் கோயிலுக்கும் தாமரை மஹால் வளாகத்துக்கும் தொல்லியல் துறையின் ஒரே சீட்டு போதும், ஆனால் அது அன்றைக்கு மட்டும்தான் செல்லும். செலவை யோசித்து இரண்டையும் முதல் நாளிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டை இரண்டாம் நாள் எடுங்கள் என்பது என் கட்சி. நான் சொல்கிற ஊரின் பெரும்பகுதிக்குச் சீட்டே கிடையாது. முதல் நாளை அதற்குக் கொடுக்கலாம்.

பையனிடம் திரும்ப வருகிறேன். "உங்க ஊர் ராஜகோபுரத்தை ஆரம்பிச்சது யாரு தெரியுமா? இந்த ஊர்ல இருந்து ஆண்டவர்தான்" என்றேன். விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். சிதம்பரத்தின் வடக்குக் கோபுரமும் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரமும் அவர் பெயரோடு சேர்ந்தவை. திருவண்ணாமலையில் அவர் தொடங்கிய கோபுரம் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. நாங்கள் நின்றிருந்த விருபாட்சர் கோயிலின் ரங்க மண்டபம் அவர் முடிசூடியதை ஒட்டி 1510-இல் எழுந்தது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்க ஊருக்குக் காசு இங்கேர்ந்து வந்துச்சா, இல்ல எங்க ஊர்க் காசு இங்க வந்துச்சா மேம்?" என்றான்.

ஒரு வரலாற்று மாணவனின் முதல் நாளில் இதைவிட நல்ல கேள்வி வர முடியாது. அன்றைய பொழுது முழுவதையும் அந்தக் கேள்விக்கே விட்டுவிட்டோம்.

பாதிப் பதில் எழுத்தில் இருக்கிறது. 1530-களில் இங்கே இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் நூனிஸ், எந்தத் தலைவர் எவ்வளவு நிலத்தை வைத்திருந்தார், அரசருக்கு எவ்வளவு கட்டினார், எத்தனை படைவீரர்களைப் பராமரித்தார் என்று பட்டியலே போட்டிருக்கிறார். தமிழகத்தின் நெல்லும் வரியும் நாயக்கர்கள் கை வழியாக இந்தத் தலைநகரத்துக்குப் போயின. அதை எல்லா ஊரும் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடவில்லை. 1429-இல் காவிரிக் கரை ஊர்களில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதி அணியினரும் ஒன்றுகூடி, நியாயமற்ற வரியைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்து அதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். கொறுக்கையில் அந்தக் கல்வெட்டு இருக்கிறது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் குறிப்பேட்டில் ஒரு வரியாகப் போய்விடும். அந்த வரி வந்து சேர்ந்த ஊரில் நின்று சொன்னபோது பிள்ளைகள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

மீதிப் பதிலைக் காலால்தான் தேட வேண்டும். கோயிலுக்குத் தெற்கே ஹேமகூடம். ஏறுவதற்குச் சிரமமில்லாத சாய்ந்த பாறை, ராத்திரிப் பயணம் செய்த கால்களுக்கு ஏற்றது. மேலே உட்கார்ந்தால் கோயிலிலிருந்து கிழக்கே மதங்க மலை வரை கடைவீதி நேராக ஓடுவது தெரியும், முக்கால் கிலோமீட்டர் நீளம். வடக்கே துங்கபத்திரை. தெற்கே வாழைத் தோப்பு, அதைத் தாண்டி அரசர் இருந்த பகுதி. சாமி ஓரிடம், ராஜா ஓரிடம், நடுவே வயல் என்று இந்த ஊர் பிரிந்திருப்பதை எந்த வரைபடத்தைவிடவும் அந்தப் பாறை தெளிவாகச் சொல்லும். அரை மணி நேரம் பிள்ளைகளைச் சும்மா உட்கார விடுங்கள். போனில் படம் எடுக்கிறார்கள் என்று கடிந்துகொள்ள வேண்டாம். படம் எடுக்கிறவன் எதையோ பார்த்திருக்கிறான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே பாறைகளின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். கல்லைப் பிளக்க உளியால் துளைபோட்டு ஆப்பு இறக்கிய இடங்கள். சில பாறைகளில் துளை போட்டிருக்கிறார்கள், கல் பிளக்கப்படவே இல்லை. வேலை நின்றது எதனாலோ, பணம் தீர்ந்தோ, கல் ஒத்துவராமலோ, யாருக்கும் தெரியாது. கோபுரத்தைக் காட்டி ராஜாவைப் பற்றிப் பேசுகிற நாம், இந்தக் குழிகளைக் காட்டி, பெயர் தெரியாத கல்தச்சரைப் பற்றியும் அதே அளவுக்குப் பேச வேண்டும்.

கீழே இறங்கினால் கடைவீதி. 1520 வாக்கில் இங்கே வந்த டொமிங்கோ பயஸ், ரோம் அளவுக்குப் பெரிய நகரம் என்று இதை எழுதினார். மாணிக்கமும் முத்தும் துணியும் விற்ற நகரம். இன்று இருபுறமும் வெறும் கல் மண்டபங்கள். அவற்றில் நம் காலத்திலும் ஆட்கள் குடியிருந்தார்கள், கடை போட்டிருந்தார்கள், பூவும் காப்பியும் விற்றார்கள். 2011 ஜூலையில் அவர்களை அகற்றி வீடுகளையும் கடைகளையும் இடித்தார்கள். பழைய தூண்களுக்கு நடுவே புதுச் சுவர் எழுப்புவதைத் தடுத்துத்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சந்தைக்காகக் கட்டப்பட்ட தெருவில் கடைசியாகச் சந்தை வைத்திருந்தவர்களை இப்படி அனுப்பியது எனக்கு இன்றும் வலிக்கிறது. யுனெஸ்கோ 1986-இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடத்தில் வாழ்ந்த மக்களும் அந்தப் பாரம்பரியத்தின் பங்குதான். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் அந்தத் தெருவைத் தாண்டக் கூடாது.

தெற்கே நடந்தால் கிருஷ்ணன் கோயில். உதயகிரியை வென்று அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலைக்காக 1515-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. கருவறை இன்று காலி. "சாமி எங்க மேம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தச் சிலை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய ஆந்திரத்தில் வென்றெடுத்து, இன்றைய கர்நாடகத்தில் வைத்துக் கும்பிட்டு, இன்று தமிழ்நாட்டில் இருக்கிற சிலை. தங்களுடைய ஊரிலேயே அது இருக்கிறது என்றதும் சென்னைப் பிள்ளைகள் சிலர் வெட்கப்பட்டார்கள். போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பக்கத்திலேயே இருக்கிற லட்சுமி நரசிம்மரையும் படவி லிங்கத்தையும் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை, எல்லாக் கைடுகளும் சொல்வார்கள். லிங்கத்தைச் சுற்றி நிற்கிற தண்ணீரை மட்டும் கவனிக்கச் சொன்னேன். அது வாய்க்கால் தண்ணீர். துங்கபத்திரையில் அணை கட்டித் திருப்பிய விஜயநகரக் காலத்து வாய்க்கால்களில் சில இன்னமும் ஓடுகின்றன. ஹேமகூடத்திலிருந்து பார்த்த வாழைத் தோப்பு அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது. 1565 ஜனவரியில் தக்காணச் சுல்தான்களின் படையிடம், அப்போது ஆட்சியை நடத்திவந்த ராமராயர் தோற்று மாண்ட பிறகு ராஜகுடும்பம் பெனுகொண்டாவுக்கு ஓடியது, நகரம் சூறையாடப்பட்டது. வாய்க்கால் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. நூற்றாண்டுகளாக மதகைத் திறந்து மூடி, தூர் வாரி, கரை உடைந்தால் அடைத்து அதைக் காப்பாற்றியவர்கள் குடியானவர்கள்தான். அவர்களுக்கு ஒரு கல்வெட்டாவது வைத்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அரசர் வளாகம். முதலில் பிள்ளைகளுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. வெயில், திடல், முழங்கால் உயரக் கல் மேடைகள். அரண்மனைகளின் மேல்பகுதி மரத்தாலும் செங்கல்லாலும் ஆனது, அதெல்லாம் அழிந்து அடிமேடைகள்தான் மிச்சம். கூரை இருந்த இடத்தை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். மகாநவமி மேடையின் பக்கவாட்டுச் சிற்பங்களைப் பார்த்ததும் முகங்கள் மாறின. ஆட்டக்காரிகள், வேட்டை, யானைகள், குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அயல்நாட்டார். அரசர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்குவார் என்று நூனிஸ் எழுதுகிறார். ஹோர்முஸிலிருந்து கப்பலில் வந்த குதிரைக்குப் பொன்தான் விலை. "அந்தப் பொன்னுதான் எங்க ஊர்க் காசா?" என்றான் திருவண்ணாமலைப் பையன். அதிலும் ஒரு பங்கு என்றேன். இந்த மேடையில் நடந்த நவராத்திரி பின்னால் மைசூருக்கும் ராமநாதபுரம் சேதுபதிகளின் அரண்மனைக்கும் போன கதையையும் சொன்னேன்.

மேடைக்குப் பக்கத்தில்தான் படிக்குளம். எனக்கு ஹம்பியிலேயே பிடித்த இடம் அது. 1980-களில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். பச்சையோடிய கறுங்கல்லில், சதுரமாக அடுக்கடுக்காக இறங்கும் படிகள். தூண்கள் தாங்கிய கல் வாய்க்கால் வழியாக வளாகத்துக்குத் தண்ணீர் வந்தது. கல்லை உற்றுப் பார்த்தால் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எந்தக் கல் எந்தத் திசையில், எந்த அடுக்கில், எத்தனையாவது என்று கல்தச்சர் போட்ட அடையாளம். வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து இங்கே கோத்திருக்கிறார்கள். ஒரு மாணவி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே போன் கேமராவைப் பெரிதாக்கி எழுத்துகளைத் தேடினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேன் ஓட்டுநர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். நான் அவரைக் காத்திருக்கச் சொன்னேன்.

அங்கேதான் அடுத்த கேள்வியும் வந்தது. சாதாரண சனங்கள் எங்கே இருந்தார்கள்? மண்ணும் ஓலையும் ஆன வீடுகள் நிற்கவில்லை, உடைந்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. யார் யார் இருந்தார்கள் என்பதற்கு வேறு தடயங்கள் உண்டு. இரண்டாம் தேவராயரிடம் வேலை பார்த்த அகமது கான் 1439-இல் கட்டிய மசூதி இருக்கிறது. 1385-இல் தளபதி இருகப்பர் எழுப்பிய சமணக் கோயில் கமலாபுரத்துக்கு வெளியே சாலையோரம் இருக்கிறது. அதே இருகப்பர் காஞ்சிக்குப் பக்கத்தில் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் கட்டியவர். காஞ்சிபுரத்துப் பிள்ளை ஒருத்தி அந்த மண்டபத்தில் விளையாடியிருப்பதாகச் சொன்னாள்.

இத்தனைக்கும் நாங்கள் கல் தேரைப் பார்க்கவில்லை. மறுநாள் கதவு திறந்ததும் விட்டலர் கோயிலுக்குப் போனோம், பிறகு அதே சீட்டில் தாமரை மஹாலும் கமலாபுரம் அருங்காட்சியகமும். அதன் முற்றத்தில் ஊர் முழுவதையும் மலையோடும் ஆற்றோடும் சின்னதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் நடந்தவர்கள் என்பதால் ஆளாளுக்கு விரலை நீட்டி வழி சொன்னார்கள். முதல் நாளே அங்கே கூட்டிப் போயிருந்தால் அது அவர்களுக்கு வெறும் சிமென்ட் மேடாகத்தான் தெரிந்திருக்கும்.

இந்தப் பருவத்தில் ஹம்பிக்குக் கிளம்புகிற ஆசிரியர்களுக்கு: பாதாமியைச் சேர்க்காதீர்கள், ஹம்பிக்கே இரண்டு இரவு கொடுங்கள். திரும்பும்போது சென்னை வழியாக வந்து எழும்பூரில் பாலகிருஷ்ணரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் எழும்பூருக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. பயணத்தேதியை அதற்குத் தகுந்தாற்போல் போட்டுக்கொள்ளுங்கள்.