தவறுவது துப்பாக்கியா, கையா?



கைத்துப்பாக்கி என்றதும் உங்கள் கண்முன் வருவது எது? வெள்ளித்திரைதானே! கதாநாயகன் ஓடிக்கொண்டே சுடுகிறான், உருண்டுகொண்டே சுடுகிறான், ஒரு குறியும் தவறுவதில்லை. படம் முடிந்ததும் நம் பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியை எடுத்துக்கொண்டு வாசலில் "டுமீல், டுமீல்" என்று ஆரம்பித்து விடுகிறார்கள். நம் தாத்தா பாட்டிமாருக்கோ வேறு நினைவு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தைத் தோட்டத்தில் கழித்தவர்களுக்குத் துப்பாக்கி என்ற சொல்லே அடிவயிற்றைக் கலக்கும்.

இந்த இரண்டு கூட்டத்தையும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. ஒரு துப்பாக்கியை ஆசையாக வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்து, ஓய்வு நாளில் குறிசுடும் திடலுக்கு எடுத்துச் சென்று, காகிதத்தில் அச்சடித்த வட்டத்தைச் சுட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குச் செல்லப்பிள்ளையாக இருப்பது '1911' என்ற கைத்துப்பாக்கி. அதைச் சுடும்போது தங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால், சினிமா நமக்குச் சொல்லாத பல செய்திகள் கிடைக்கின்றன.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். அது நமக்குப் பக்கத்து நாட்டோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பீன்சின் தென்பகுதியில் மோரோ வீரர்களோடு அமெரிக்கப் படை போரிட்டது. படையினர் வைத்திருந்த 0.38 அங்குலச் சுழல்துப்பாக்கியின் குண்டு பட்டும், பாய்ந்து வரும் வீரர்கள் நிற்கவில்லை. 1904-ஆம் ஆண்டு நடந்த சோதனைகளுக்குப் பிறகு, குண்டு 0.45 அங்குலத்திற்குக் குறையக்கூடாது என்று முடிவாயிற்று. ஜான் பிரௌனிங் என்ற மேதை அதற்கேற்ற துப்பாக்கியை அமைத்தார். கோல்ட் நிறுவனம் அதைச் செய்தது. இறுதிச் சோதனையில் 6,000 தோட்டாக்களைச் சுட்டார்கள். துப்பாக்கி கொதித்தபோது தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடியும் சுட்டார்கள். ஒரு முறைகூட அது சிக்கவில்லையாம்! 1911 மார்ச் 29-இல் அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே அதன் பெயராகிவிட்டது. 1985-இல் இத்தாலியப் பெரட்டா துப்பாக்கி அதன் இடத்தைப் பிடிக்கும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் படைத் துப்பாக்கி.

சரி, அதைச் சுடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எடுத்தவுடன் தெரிவது கனம். தோட்டா இல்லாமலே 1.1 கிலோ இருக்கும். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை நீட்டிய கையில் அசையாமல் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் கை ஆடத் தொடங்கிவிடும். ஆனாலும் அந்தக் கனத்தைத்தான் அவர்கள் புகழ்கிறார்கள். கனமான இரும்பு அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறதாம். அதன் குண்டு 15 கிராம் எடை. விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகம். எடை அதிகம், வேகம் நடுத்தரம். ஆகவே சுட்டதும் கையைப் படீரென்று அறையாமல், யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளியது போல் இருக்கும் என்கிறார்கள்.

அடுத்த புகழ்ச்சி விசைக்கு. பல துப்பாக்கிகளில் விசை கீல் போட்ட கதவு மாதிரி வளைந்து வரும். இதில் நேராகப் பின்னால் நகர்கிறது. நகரும் தூரமும் மிகக் குறைவு. பிடி மெல்லியது என்பதால் சின்னக் கைக்கும் அடங்கும்.

குறைகளையும் அவர்கள் மறைப்பதில்லை. பழைய துப்பாக்கிகளில் குறி பார்க்கும் முனை மிகச் சிறியது. வயதான கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்டாக்கூட்டில் ஏழு தோட்டாக்கள்தாம் அடங்கும். அதன் பின் வந்த பெரட்டாவில் பதினைந்து. முதலில் வந்தவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுடும்போது பின்வரும் சுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைக் கடித்துவிடும். 1920-களில் பிடியின் பின்பக்க வாலை நீட்டி அதைச் சரிசெய்தார்கள்.

இவையெல்லாம் இரும்பைப் பற்றிய பேச்சு. இனிமேல்தான் நமக்கு வேண்டிய செய்தி வருகிறது.

திடலில் நிற்கிறார் ஒருவர். காதில் அடைப்பான், கண்ணில் கண்ணாடி. துப்பாக்கியின் ஓசை 140 டெசிபலைத் தாண்டும். காதை மூடாமல் சுட்டால் செவி கெடும். நன்றாகக் குறி பார்க்கிறார், சுடுகிறார். குண்டு வட்டத்தின் நடுவில் படாமல் கீழே, இடப்பக்கமாகப் போய்ப் படுகிறது. மறுபடியும் அதே இடம். "துப்பாக்கி சரியில்லை" என்கிறார். பக்கத்தில் இருக்கும் அனுபவசாலி சிரித்துக்கொண்டு ஒரு வேலை செய்கிறார். தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத ஒரு போலித் தோட்டாவைச் செருகிக் கொடுக்கிறார். எது போலி என்று சுடுகிறவருக்குத் தெரியாது. இரண்டு வெடித்தன. மூன்றாவதில் 'டிக்' என்ற ஓசை மட்டும். வெடிக்கவே இல்லை, ஆனாலும் துப்பாக்கியின் முனை வெடுக்கென்று கீழே குனிந்தது!

என்ன நடந்தது? வெடிக்கப் போகிறதே என்ற பயத்தில் கை முன்கூட்டியே துப்பாக்கியைக் கீழே அழுத்திவிடுகிறது. வெடிச் சத்தமும் அதிர்வும் இருக்கும்போது அது தெரிவதில்லை; வெடிக்காதபோது குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. இரும்பு நேராகத்தான் இருக்கிறது, பயம்தான் கோணுகிறது.

பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கத்தி நல்ல கத்திதான். கை அழுத்தினால் பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் படும். கை தயங்கினால் பால் இறங்காது. கத்தியைக் குறை சொல்லி என்ன பயன்? கை பழக வேண்டும். அவர்களும் அப்படித்தான் பழகுகிறார்கள். மூச்சை அடக்கி, குறிமுனையையே பார்த்து, விசையை மெல்ல மெல்ல அழுத்தி, எப்போது வெடிக்கும் என்று எண்ணாமல் சுடப் பழகுகிறார்கள். இதற்கு மாதங்கள் ஆகும். ஓடிக்கொண்டே சுட்டுக் குறி தவறாத வீரன் படத்தில்தான் இருக்கிறான்.

கையின் மேல் இவ்வளவு ஐயம் இருப்பதால்தான் அவர்கள் விதிகளை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தத் துப்பாக்கியை வாழ்நாளெல்லாம் கொண்டாடிய ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் படை அதிகாரி நான்கு விதிகளை வகுத்துப் பரப்பினார். அவற்றின் சாரம் இது: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் முனையைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விரலை விசையில் வைக்காதே. குறி எது, அதன் பின்னால் இருப்பது எது என்று தெரியாமல் சுடாதே.

முதல் விதி ஏன் என்று கேட்பீர்கள். தோட்டாக்கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமை என்று பலர் நினைக்கிறார்கள். குழலுக்குள் ஏற்கனவே ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். கூடு இல்லாமலே 1911 அதைச் சுட்டுவிடும். "வெறும் துப்பாக்கிதானே" என்று விளையாடி உயிர் போன செய்திகள் அமெரிக்காவிலிருந்து ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றில் குழந்தைகளும் உண்டு.

நம் மலேசியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். குற்றச் செயலில் துப்பாக்கியைப் பயன்படுத்துவோருக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் கடுமையான தண்டனை விதிக்கிறது. உண்மைத் துப்பாக்கி போலவே தோன்றும் போலியை வைத்திருப்பதும் குற்றமாகலாம். 'விளையாட்டுச் சாமான்தானே' என்று இளைஞர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது வழக்கில் கொண்டுபோய் விடும்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். புதரிலோ ஓடைக்கரையிலோ பழைய கொட்டகையிலோ துப்பாக்கி, தோட்டா, குண்டு போன்ற பொருள் எது தென்பட்டாலும் தொடக்கூடாது, துருப்பிடித்திருந்தாலும் தொடக்கூடாது, உதைத்துப் பார்க்கக்கூடாது. உடனே வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்களும் அதைக் கையில் எடுக்காமல் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிமம் பெற்ற துப்பாக்கியோடு யாராவது வந்தாலும், "அண்ணே, ஒரு தடவை கொடுங்க, பார்க்கிறேன்" என்று கை நீட்டக் கூடாது.

பல்லாண்டு பழகியவர்களே தங்கள் கையை நம்பாமல் நான்கு விதி வைத்திருக்கிறார்கள். பழகாத கைக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: தொடாதே. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். போலித் தோட்டாக் கதையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு நிச்சயம் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், துப்பாக்கியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். சரியான பதில் வரும்வரை விடாதீர்கள்.