பேர் மட்டும் மெட்ராஸ்!

ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தெரியாதவர் உண்டா? 1963-ல், 21 வயதில் மோட்டார் நியூரான் நோய் என்று கண்டுபிடிக்கப்பட்டு, 2018 வரை வாழ்ந்து காட்டியவர். 2014-ல் ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டார்களே, அதுவும் இந்த நோய்க்காகத்தான். நம்ம ஊர் ஆட்களும் ஊற்றிக்கொண்டார்கள். சரி... இதே நோயில் ஒரு வகைக்கு நம்ம ஊர்ப் பெயர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

"மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்." உலக நரம்பியல் புத்தகங்களில் இதுதான் பெயர்! 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகியோர் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இந்தக் கதை.

தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் மோட்டார் நியூரான் நோய். வழக்கமான வகை பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வரும்; பலரைச் சில ஆண்டுகளிலேயே கொண்டுபோய்விடும். சென்னையில் அவர்கள் பார்த்ததோ பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகளை! கை கால் சூம்பும், முகம் தளரும், பேச்சு குழறும், விழுங்கக் கஷ்டம், பலருக்குக் காதும் மந்தம். ஆனால் நோய் மெதுவாகத்தான் நகரும். பல வருடம் உயிரோடு இருப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1971 முதல் 2007 வரை பார்த்த 116 தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி டாக்டர் நளினி குழுவினர் 2008-ல் எழுதினார்கள். 36 வருட உழைப்பு!

காரணம்? அரை நூற்றாண்டு தாண்டியும் பிடிபடவில்லை.

குவாம் என்று பசிபிக்கில் ஒரு குட்டித் தீவு. அங்கே இந்த நோய் அதிகம் என்று தெரிந்ததும் 1950களிலேயே அமெரிக்க அரசு அங்கு ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. மெட்ராஸ் பெயர் கொண்ட நோய்க்கு நாம் அப்படி என்ன செய்தோம்?

ஒரத்தநாட்டிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு பதினாறு வயதுப் பையனால் நாற்றுமுடியைப் பிடிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் "சோம்பேறி" என்பார்கள். பிறகு "சத்துக் குறைவு" என்று டானிக். காதுக்கு ஒரு டாக்டர், கைக்கு ஒரு டாக்டர். வைத்தீஸ்வரன் கோவிலுக்கு நேர்ந்துகொள்வதில் தப்பே இல்லை. காதையும் கையையும் ஒரே சீட்டில் எழுதிப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? 2019 ஜனவரியில் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்குப் புதிய உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவு கிடைத்தது. நல்ல விஷயம். அந்தக் கட்டடம் வரை அவனை அனுப்பி வைப்பது யார்?

"அபூர்வ நோய்க்கு எதற்குச் செலவு? டெங்குவைப் பாருங்கள்" என்பார்கள். டெங்குவையும் பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது! கிட்டத்தட்ட இதே அறிகுறிகளோடு வரும் இன்னொரு பரம்பரை நோய் உண்டு: பிரவுன்-வயலெட்டோ-வான் லாரே. வைட்டமின் பி2-வைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் புரதத்தில் பழுது. முதல் ஜீன் 2010-ல் பிடிபட்டது. அதிக அளவு பி2 கொடுத்தால் பலர் தேறுகிறார்கள். வெறும் வைட்டமின்! டெஸ்ட் செய்யாமல் "மருந்து இல்லை" என்று ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், அது சிக்கனமா, அநியாயமா?

சட்டம் மட்டும் என்ன? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் நாள்பட்ட நரம்பு நோய்களுக்கு உதாரணமாக மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், பார்க்கின்சன் இரண்டையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். மோட்டார் நியூரான் நோயின் பெயர் இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுபோனது. அப்படிக் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: வீட்டில் யாருக்காவது கை சூம்புகிறதா? காது மந்தமா? அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பேரேடு வேண்டும். சட்டப் பட்டியலில் ஒரு வரி சேர வேண்டும். கணக்கில் ஏறாத செலவை எந்தப் பட்ஜெட்டும் பார்க்காது. பேரேட்டில் ஏறாத நோயாளியையும் அப்படித்தான்.

பெயர் வைத்து 50 வருடம் ஆகிவிட்டது. அந்த நோயோடு வாழ்கிறவர்களின் பெயரை எப்போது எழுதப் போகிறோம்?