புலிக்காலுக்கு எந்த சைஸ்?
விடுமுறைக்குக் கடலூர் வந்த நண்பரின் மகன் பகடையும் பென்சிலுமாக ஒரு விளையாட்டை விரித்தான். 1974-இல் அமெரிக்காவில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகையறா. டிராகனைக் கொல்வதெல்லாம் கிடக்கட்டும், எனக்குப் பிடித்துப்போனது அதில் வரும் ஊர்தான். குள்ளர் ஒருவர் கொல்லுப்பட்டறை நடத்துகிறார், பல்லி முகத்துக்காரி மீன் விற்கிறாள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது மாமா?” என்றான். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேற்றிச் சிதம்பரம் கூட்டிப்போனேன், அதாவது பெரும்பற்றப்புலியூருக்கு. இரண்டு ஊர்ப் பெயரிலும் புலி வந்தது ஒரே ஆளால் என்பது புராணம். வண்டு மொய்க்கும் முன்னே பூப்பறிக்க வேண்டும், மரமோ வழுக்குகிறது, விடியுமுன் கண்ணும் தெரியவில்லை என்று ஈசனிடம் புலிக்காலும் கூர்ந்த பார்வையும் கேட்டு வாங்கியவர் வியாக்கிரபாதர். புலிக்கால் கிடைத்தால் நானாக இருந்தால் முதலில் நாலு பேரை மிரட்டியிருப்பேன். மனிதர் குடலையைத் தூக்கிக்கொண்டு மரமேறப் போனார். கூடவே, இடுப்புக்குக் கீழே பாம்பாகப் பதஞ்சலி. ஆடுகிற கூத்தனுக்கு இருபுறமும் இவர்கள் கைகூப்பி நிற்கும் படத்தைக் காலண்டரில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஒருநாளாவது விநோதமாகப் பட்டதா? பையன் வெகுநேரம் பேசவில்லை. கோயிலை விட்டு வெளியே வந்து, குவியலில் தன் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே கேட்டான்: “அவருக்கு எந்த சைஸ் மாமா?”