கச்சையைத் தளர்த்தும்போது அஞ்ச வேண்டாம்

“இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள் சார், பாவம், கஷ்டப்படுகிறார்.” நடைப்பயிற்சி அறையில் உடன் வருவோர் எங்களிடம் அடிக்கடி வைக்கும் வேண்டுகோள் இது. பக்கவாதம் கண்டவருக்குக் கச்சை கட்டி, உடல் எடையில் ஒரு பகுதியை மேலிருந்து தாங்கியவாறு டிரெட்மில்லில் நடக்கப் பழக்குகிறோம். தாங்கல் மிகுந்தால் அடிகள் எளிதாக விழுகின்றன. காண்போர் மனம் குளிர்கிறது. ஆனால் ஆடுசதைக்கு அப்போது வேலை குறைந்துவிடுகிறது.

கால் ஊன்றியிருக்கையில் கீழ்க்கால் முன்னே சரியாதவாறு பிடித்து நிறுத்துவது ஆடுசதையே. அடியின் முடிவில் குதிகாலை உயர்த்தி உடலை முன்னே உந்துவதும் அதுவே. காலில் இறங்கும் எடை குறையக் குறைய அதன் உழைப்பும் குறையும். எனவே தொடக்கத்தில் எடையில் 30 அல்லது 40 விழுக்காட்டைக் கச்சை தாங்கினாலும், முழங்கால் மடங்காமல் நிற்கத் தொடங்கியதும் அதைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறோம். அன்று நடை தடுமாறத்தான் செய்யும். நோய் திரும்பிவிட்டதெனக் கலங்க வேண்டாம். (எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இதமளிக்கும், உந்தும் வலுவை அது தராது.)

திண்டிவனத்திலிருந்து பேருந்தேறி விழுப்புரம் வரும் குடும்பங்களுக்கு மற்றொரு கவலை உண்டு: “வீட்டில் இந்த இயந்திரம் இல்லையே!” அமெரிக்காவில் 408 பக்கவாத நோயாளிகளிடம் நடத்தி, 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. கச்சையுடன் டிரெட்மில்லில் பயின்றவர்களும், இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வந்து தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சியளித்தவர்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறியிருந்தனர். இயந்திரத்திற்காகக் கடன் வாங்குவது வேண்டாததென்று நாங்கள் கருதுவது இதனால்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெற வழியுண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டில் சன்னல் கம்பியைப் பற்றி நின்று, பாதிக்கப்பட்ட காலின்மேல் எடையை மெல்ல மாற்றுவதும், நாங்கள் கற்றுத்தந்தபின் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் போதுமான தொடக்கம். அந்தக் காலின் பக்கமாக ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். குதிகால் தரையில் படியாத அளவு கணுக்கால் இறுகியிருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களிடம் காட்டுங்கள். வரும்போது, அவர் அன்றாடம் அணியும் செருப்பையே அணிவித்து அழைத்து வாருங்கள். அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதென்று நாங்கள் பார்க்க வேண்டும்.