ஆலை மணியும் வாக்குச் சீட்டும்

கடந்த பொதுத் தேர்தலின்போது, "மறக்காமல் வாக்களியுங்கள் நேயர்களே" என்று ஒரு வாரம் வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் மட்டும் வாக்களிக்கவில்லை. என் பெயர் சொந்த ஊரில் பதிவாகியிருந்தது. மூன்று மணி நேரப் பயணம்; சோம்பல். "நீ ரேடியோவுல சொன்னதைக் கேட்டுத்தான்டா நான் காலையிலேயே போய் வரிசையில நின்னேன்" என்று மை பூசிய விரலைக் காட்டினார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

அண்மையில் ஒரு நிகழ்ச்சிக்காக வாக்குரிமையின் வரலாற்றைத் தேடியபோது, மான்செஸ்டர் கதை கிடைத்தது. வெட்கம் இன்னும் கூடிவிட்டது.

200 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் பஞ்சாலைகள் கிராமத்து மக்களை மான்செஸ்டருக்கு இழுத்தன. அவ்வளவு பெரிய நகரத்துக்கென நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. வீடு வாசலே இல்லாத ஓல்ட் சாரம் என்ற பழைய மேட்டுக்கோ இரண்டு உறுப்பினர்கள்!

வயல்களில் சிதறி வாழ்ந்தவர்கள் ஆலை மணிக்கு ஒன்றாக எழுந்தார்கள். ஒருவர் செய்தித்தாளைப் படிக்க, மற்றவர்கள் கூடிக் கேட்டார்கள். 'நம் உழைப்பு வேண்டும், நம் வாக்கு வேண்டாமா?' என்ற கேள்வி அங்கே வளர்ந்தது.

1819 ஆகஸ்ட் 16 அன்று, செயின்ட் பீட்டர்ஸ் திடலில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். குதிரைப் படை வாளோடு பாய்ந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள்.

1832இல் மான்செஸ்டருக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஆனால், ஆண்டுக்கு 10 பவுன் மதிப்புள்ள வீட்டில் இருப்பவருக்குத்தான் வாக்கு. முதலாளிக்குக் கிடைத்தது, தொழிலாளி வெளியே நின்றார். 1842இல் சாசன இயக்கத்தினர் 30 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளோடு மனு கொடுத்தார்கள். நாடாளுமன்றம் நிராகரித்தது.

1867இல் நகரத் தொழிலாளர்கள் பலருக்கு வாக்கு வந்தது. அப்போதும் யாருக்கு வாக்கு என்பதை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, யாருக்குத் துணிச்சல் வரும்? 1872இல்தான் ரகசிய வாக்குச் சீட்டு வந்தது.

ஆலைப் பெண்கள் இன்னும் காத்திருந்தார்கள். 1901இல் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் 29,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆண்களுக்குச் சமமான வாக்கு 1928இல்தான் கைக்கு வந்தது.

ஆலைகள் மக்களை ஓரிடத்தில் சேர்த்தன. உரிமையை அந்த மக்களேதான் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்; திடலில் தொடங்கி 109 ஆண்டுகள்.

இங்கே 18 வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. கேட்காமலே கிடைப்பதால்தான் எனக்கு அருமை தெரியவில்லை போலும்.

போன வாரம் அடையாள அட்டையில் முகவரியை மாற்றி, வாக்களிக்கும் இடத்தையும் மாற்ற விண்ணப்பித்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் விரலைக் காட்டிக்கொள்கிறேன்.