தற்செயலும் தலைவிதியும்

ஜெர்மனி தேசத்துக் கொலோன் நகரத்தின் பெரிய கிறிஸ்தவக் கோயிலில் உள்ள ஒரு சன்னலைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறோம். கோயில் சன்னலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். முடிவுவரை படித்துவிட்டு அவர்களே சொல்லட்டும்.

தென்புறத்திலுள்ள அந்தச் சன்னலின் பழைய ஓவியக் கண்ணாடி இரண்டாவது உலக யுத்தத்தில் நாசமாயிற்று. புதிதாய் வைக்க விரும்பிய கோயிலார், 20-ஆம் நூற்றாண்டில் மதத்துக்காக உயிர்விட்டவர்களின் உருவங்களை அதில் அமைத்துத் தரும்படி கெர்ஹார்ட் ரிக்டர் என்னும் ஓவியரைக் கேட்டார்கள். அவரோ கடைசியில் உருவம் ஒன்றுகூட வைக்கவில்லை. 72 நிறங்களில் 11,000-க்கு மேற்பட்ட சதுரக் கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டு, எந்த நிறம் எந்த இடத்துக்கு என்பதைக் கணிப்பொறி தரும் தற்செயல் எண்களிடம் விட்டுவிட்டார். சன்னலில் பாதியை இப்படி நிரப்பி, மறுபாதியை அதன் பிரதிபிம்பமாக்கினார். 2007-ல் சன்னல் திறக்கப்பட்டது. அவ்வூர்க் கர்தினால் மைஸ்னர் என்பவர், இது மசூதிக்கோ வேறு பிரார்த்தனை வீட்டுக்கோ பொருந்துமேயன்றி இக்கோயிலுக்குப் பொருந்தாது என்று குறை கூறினார்.

அந்தச் சன்னலைப் பார்த்து, "இவ்வளவையும் இன்ன இடத்தில் இன்னது என்று நினைத்து அமைத்தவன் யார்?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்? நிறங்களையும் அளவையும் தேர்ந்தவர் ஓவியர்தான், வாஸ்தவம். ஆனால் இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் இந்தப் பச்சை வரவேண்டும் என்று நினைத்தவர் ஒருவருமில்லை.

அப்படியானால் காரணமில்லாமலா நடந்தது? அதுவுமில்லை. கணிப்பொறி தரும் தற்செயல் எண்களும் சாதாரணமாய் ஒரு கணக்கின்படி பிறப்பவையே. 1913-ல் டூஷாம் என்ற பிரெஞ்சு ஓவியர், ஒரு மீட்டர் நீளமுள்ள மூன்று நூலிழைகளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, விழுந்த வளைவுகளையே கலைப்பொருளாக்கினார். மூன்றும் மூன்று விதமாய் விழுந்தன. கையசைவும் காற்றும் அதற்குக் காரணம். 1960-ல் மொரெல்லே என்பவர், டெலிபோன் புத்தகத்து எண்கள் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, 40,000 சதுரங்களை இரு நிறங்களால் நிரப்பினார். ஊராரின் டெலிபோன் எண்களுக்குக் காரணமுண்டு. ஓவியமாக வேண்டும் என்ற நோக்கம் கிடையாது.

காரணம் வேறு, நோக்கம் வேறு. இதை மறைப்பதற்கென்றே ஏற்பட்டதுபோல் நம் பாஷையில் "விதி" என்று ஒரு சொல் இருக்கிறது. இயற்கை நடக்கும் ஒழுங்கும் விதி. நெற்றியில் எவனோ எழுதினான் என்பதும் விதி! ரேடியம் அணு ஒன்று எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அணுக்கள் ஏராளமாய்ச் சேர்ந்தால், அவற்றில் பாதி சுமார் 1,600 வருஷங்களில் சிதையும் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். அது முதல் விதி. அதில் எழுத்துமில்லை, எழுதினவனுமில்லை.

இந்தப் பேதம் தெரியாததால் வரும் கேடு கொஞ்சமா? காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "உன் பாவம், உன் தலைவிதி" என்று கூசாமல் சொல்லுகிறார்கள். காய்ச்சலுக்குக் காரணம் கிருமி. அதற்கு அவள்மீது கோபமுமில்லை, வஞ்சமுமில்லை. காரணத்தைத் தேடினால் கெட்ட தண்ணீரைத் திருத்தி அடுத்த குழந்தையையாவது காப்பாற்றலாம். நோக்கத்தைத் தேடினால் பரிகாரத்துக்குப் பணம் கட்டி ஏமாறலாம்.

கொலோன் சன்னலில் வெய்யில் இன்றும் படுகிறது. நிறங்கள் தரையில் விழுகின்றன. அவை எவரையும் தண்டிக்கவுமில்லை, இரட்சிக்கவுமில்லை. அழகாயிருக்கின்றன, அவ்வளவுதான். அது போதாதா என்று கேட்கிறோம்.